தாடி வழியே போன தூசி

தொழிற்சாலைகளில் தூசிக் கவசம் பற்றி வகுப்பெடுத்தே ஓய்வு பெற்றவன் நான். வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டுக்காரரான தச்சர் ஏழுமலை ஒருநாள் இருமிக்கொண்டே வந்தார்.

"இழைக்கிற வேலைய விட்டுடுனு டாக்டர் சொல்லிட்டாருங்க. வேற தொழில் தெரியாதே சார்."

முகத்தை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கவசத்தை வாங்கச் சொன்னேன். ஒரு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை.

"நீங்க ஒழுங்கா மாட்டறதில்ல" என்று அதட்டினேன்.

அவர் என் எதிரிலேயே அதை மாட்டிக்கொண்டு ஒரு பலகையைத் தேய்த்து முடித்தார். கழற்றினால் உள்ளேயும் மரத்தூள்.

"தாடி வழியா போவுதோ சார்?"

மகள் கல்யாணம் வரை எடுப்பதில்லை என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்ட தாடி. தாடி இருந்தால் ரப்பர் கன்னத்தில் ஒட்டாது, காற்று கசியும் என்பது என் வகுப்பின் முதல் பாடம். தினமும் பார்த்த முகத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

தாடியை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. சென்னையில் விசாரித்து, பேட்டரி விசிறி வடிகட்டிய காற்றை உள்ளே ஊதித் தூசியை வெளியே தள்ளும் தளர்வான தலைக்கவசத்தை வரவழைத்தோம்.

மாட்டியதும் சிரித்தார். "ஜில்லுனு இருக்குதுங்க. இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

இருமல் மெல்லக் குறைந்தது. இப்போதெல்லாம் யார் கவசம் பற்றிக் கேட்டாலும், முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.