கிழக்குப் பார்த்த மாடம்

யெரோகாம் ஊரின் புதிய யூத ஜெபஆலயத்துக்காக எங்கள் சங்கம் அச்சிட்ட நன்றி மலரின் பதினொன்றாம் பக்கம் இப்படிச் சொல்கிறது: "திருமதி யாகூத் ஸ்ரிஹென். அமைதியே உருவானவர். கட்டடப் பணியில் உழைத்த தொண்டர்களுக்குப் புதினாத் தேநீர் வழங்கி ஊக்கமளித்தார்."

தேநீர் கொடுத்தாள் என்பது உண்மை. அமைதியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மொரோக்கோவின் மெக்னெஸிலிருந்து வந்து இந்தப் பாலைவனத்தில் குடியேறிய நாற்பது குடும்பங்கள் ஆளுக்கொரு கை கொடுத்துக் கட்டிய கட்டடம் அது. முடிதிருத்தும் மசூத் ஜன்னல் மாட்டினார். அவற்றை இன்றும் சாத்த முடிவதில்லை. நான் மணல் சுமந்தேன். செங்கல் வைக்கத் தெரிந்த ஒரே ஆள் யாகூத். ஊரில் வீடுகள் எழும்பிய ஆறு வருடமும் கூலிக்கு அந்த வேலைதான் பார்த்தாள். ஆகவே அவளை அடுப்படிக்கு அனுப்பினோம்.

எங்கள் வேதமான தோரா சுருள்களை வைக்கும் மாடத்தைக் கிழக்குச் சுவரையொட்டி எழுப்பினோம். மெக்னெஸில் ஜெருசலேமை நோக்கிக் கிழக்கே திரும்பித்தான் வேண்டுவோம். இங்கிருந்து ஜெருசலேம் வடக்கே என்பதும் எல்லோருக்கும் தெரியும். வடக்கே அங்கு போகும் பேருந்தில் ஏறாதவர் எங்களில் இல்லை. கல் வைக்கும்போது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த யாகூத் மாடத்தைப் பார்த்து நின்றாள்.

"ஹனான்யா அண்ணே, ஜெருசலேம் எப்ப இடம் மாறுச்சு?"

"டீயை வச்சிட்டுப் போம்மா," என்றார் சங்கத் தலைவர் ஹனான்யா. "எங்கப்பா, அவரோட அப்பா எல்லாரும் கிழக்க பாத்துத்தான் நின்னாங்க."

"அவங்க மெக்னெஸ்ல நின்னாங்க! நீங்க இங்க நின்னு கிழக்க வேண்டினா, அது சாக்கடலைத் தாண்டி ஜோர்டான்காரன் ஆட்டுப்பட்டியிலதான் விழும்."

"சர்க்கரை கம்மி," என்றார் மசூத்.

"மண்டைக்குள்ள கம்மியா இருக்கறதை மொதல்ல பாருங்க."

"வியாழக்கிழமை சுருள் ஊர்வலம்," என்றார் ஹனான்யா. "இப்ப இடிச்சா ஊரே சிரிக்கும். கடவுளுக்குத் திசை தெரியும், விடு."

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலைங்கறதும் தெரியும்!"

சுருள்கள் உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்த மாடத்தை எவனும் தொடமாட்டான். பேரப்பிள்ளைகளும் ஜெருசலேமுக்குத் தோளைக் காட்டியே வேண்டுவார்கள். அவளை ஜெருசலேமில் குடிவைப்பதாகச் சொல்லித்தான் அதிகாரிகள் கப்பலேற்றினார்கள், இறக்கிவிட்டது இங்கே. "அங்க இருக்கத்தான் விடல, அந்தப் பக்கம் திரும்பி நிக்கக்கூட விடமாட்டீங்களா?" என்று கத்தினாள். நான் உட்பட எல்லோரும் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டோம்.

வெளியே வந்ததும் யாகூத்திடம், அவள் சொன்னது சரிதான் என்றேன்.

"உள்ள இருந்தப்ப உன் நாக்கை யாருக்கு வாடகைக்கு விட்டிருந்தே?"

செவ்வாய்க்கிழமை ஆண்கள் வேலைக்குப் போனதும் யாகூத் சுத்தியலும் கொத்துக்கரண்டியுமாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். மாலையில் நாங்கள் தட்டியதற்கு வசவுதான் வந்தது. புதன் மதியம் கதவைத் திறந்தாள். கிழக்கு மாடத்தைக் கல் கல்லாகப் பிரித்து, காரையைச் சுரண்டியெடுத்து, அதே கற்களால் வடக்குச் சுவரையொட்டிக் கட்டி முடித்திருந்தாள்.