ரெக்சினுக்குள் தைத்த கொக்கி

இருசப்பனைக் கெட்டிக்கார டிரைவர் என்பது மிகை. எச்சரிக்கையானவன், அவ்வளவுதான். வில்லியனூரில் இருபது வருஷம் டாக்சி ஓட்டியும் விபத்து என்று ஒன்று நேராததை அவன் தன் கைராசி என்றே நம்பினான்.

1981-இல், பிரான்சில் குடியிருந்த ஊர்க்காரர் சௌந்தரராஜன் அங்கிருந்து கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்து, ஓட்ட இவனை அமர்த்தினார். இடப்பக்கம் ஸ்டியரிங், முன்சீட்டுகளில் பெல்ட். ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத பெல்ட்.

"பாடையில கட்டுற மாதிரி இன்னாடா இது? உன் கை மேல மொதலாளிக்கு நம்பிக்கை இல்லியா?" என்று டாக்சி ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் வைத்தியலிங்கம் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது இருசப்பன் நெஞ்சில் தைத்துவிட்டது.

முதலாளி பிரான்சுக்குத் திரும்பியதும், ஆயுதபூசைக்கென்று சீட்டுகளுக்குப் புது ரெக்சின் உறை போட்டான். பெல்ட் மாட்டும் கொக்கிகளை உள்ளே வைத்தே மூடித் தைக்கச் சொன்னதும் அவன்தான்.

தை மாதம் முதலாளியின் மனைவி கஸ்தூரி மட்டும் ஊருக்கு வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் பெல்ட்டை இழுத்தாள். மாட்ட இடம் தேடினாள்.

"அது ரிப்பேரும்மா. இன்னாத்துக்கு அது? நான் இருக்கேனே."

பாகூர் ஏரிக்கரையில் கரும்பு வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளி வந்தது. பிரேக்கை மிதித்தான். கன்று தப்பியது. கஸ்தூரியின் முகம் போய் முன்கண்ணாடியில் மோதியது. புருவத்தில் ஏழு தையல். முன்பல் இரண்டு போயின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவனுக்கு ஒன்றுமில்லை.

பார்க்க வந்தவர்களிடம் அவள் வீங்கிய வாயால் சொன்னாள்: "அண்ணன் மேல தப்பில்ல. பெல்ட் ரிப்பேருன்னு முன்னாடியே சொன்னாரு. நாந்தான் பின்னாடி உக்காந்திருக்கணும்."

"கன்னுக்குட்டிய காப்பாத்திட்டானே, இன்னா கைடி அது!" என்றாள் பக்கத்து வீட்டுத் தையலம்மாள்.

வாசலில் நின்று இருசப்பன் எல்லாவற்றையும் கேட்டான். அடிபட்டவளே குற்றத்தையும் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிளேடால் உறையைக் கிழித்தான். கொக்கி புதிதாகவே இருந்தது. கஸ்தூரியைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே பெல்ட்டை மாட்டிக் காட்டினான்.

"ரிப்பேர் இல்லம்மா. நாந்தான் மூடித் தைக்கச் சொன்னேன்."

"ஏண்ணே?"

வைத்தியலிங்கம் பேசியதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் புருவத்துத் தையல்களுக்கு எதிரே அது வெளியில் சொல்லத் தக்க காரணமாகவே இல்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கார் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.