போலீஸுக்குப் பின்னால் மணியடிப்பவள்

கடல் பனிமூட்டம் கப்பல்துறைச் சுவரேறிச் சந்துகளுக்குள் இறங்குகிற நேரத்தில், திர்ஸா நார்த்காட் தலையில் பலகையும் கையில் பித்தளை மணியுமாக எல்ஃபிக்கின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறாள். அவர் நின்றால் நிற்கிறாள். அவர் கடைக் கண்ணாடி வழியே கையுறை பார்ப்பதுபோல் பாவனை செய்தால், இவளும் பக்கத்தில் நின்று கையுறை பார்க்கிறாள். பலகையில் பச்சைக் கம்பளித் துணிக்கடியில் மஃபின் ரொட்டிகள் ஆவி விடுகின்றன. ரொட்டி விற்பவள் மணியடிக்கலாம். யாருக்குப் பின்னால் அடிக்கக் கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

எல்ஃபிக் லண்டனிலிருந்து வந்த போலீஸ்காரர். யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று சீருடைக்குப் பதில் பழுப்புக் கோட்டு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டை இந்த டெவன்போர்ட் துறைமுக ஊரில் தவழ்கிற குழந்தைகூடக் கண்டுகொள்ளும். துறைமுகத்தில் எந்தப் பெண் ‘அந்த மாதிரி’ என்று பார்வையாலேயே தீர்மானிப்பது அவர் உத்தியோகம். அவர் சந்தேகப்பட்டால் போதும், இரண்டு வாரத்துக்கொரு முறை அவள் அரசாங்க டாக்டரின் சோதனை மேஜைமேல் படுக்க வேண்டும். மாட்டேன் என்றால் சிறை. நோய் இருந்தால் பூட்டிய வார்டு. கப்பற்படை வீரர்களின் ஆரோக்கியத்துக்காகக் கொண்டுவந்த சட்டம் இது. ஆகையால் வீரர்களை மட்டும் அது தொடுவதில்லை. அவ்வளவு மரியாதை.

மணி கேட்டால் சந்துக்குள் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். வாசலில் நின்ற பெண்கள் மூட்டத்தில் கரைந்துவிடுவார்கள். எல்ஃபிக் திரும்பும் தெருவெல்லாம் வெள்ளையாக, காலியாக, அப்போதுதான் துவைத்து உலர்த்திய படுக்கை விரிப்புப்போல் கிடக்கும்.

திர்ஸா கயிறு திரிப்பவரின் விதவை. செத்துப்போன கணவரின் பூட்ஸைத்தான் போட்டுக்கொள்கிறாள். பால்காரரும் பாதிரியாரும் மீன்கடையில் கிடக்கும் விலாங்கும் அவளுக்கு ‘ராசா’தான். பாதி வழியில் தூங்கிவிடுவதாக அவளே சொல்லுவாள்: “கண்ணு தானா மூடிக்கும். மூட்டம் தண்ணியாயிரும். வீதி விளக்கெல்லாம் அடியில மீனு மாதிரி நீந்தும். எங்க வீட்டுக்காரரு எதிர்ல வந்து, ‘ரொட்டி கருகுது திர்ஸா’ம்பாரு. ஆனா காலு மட்டும் தப்பாம போலீஸ் பின்னாடி போயிட்டிருக்கும் பாரு ராசா!”

அவள் பயப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. மெதடிஸ்டு சபையில் கணப்புக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. முன்பு அது கணவருடையது. பொருளாளர் மனைவி மிஸஸ் வாஸ்பர் ஒருநாள் குரலைத் தணித்துச் சொன்னாள்:

“அந்தப் பொண்ணுங்களுக்காக மணியடிச்சா, உன்னையும் அவங்களோட சேர்த்துத்தான் பேசுவாங்க திர்ஸா. சபையில உக்கார எடம் இருக்காது.”

“நின்னுக்கிட்டே கும்பிடறேன். ஆண்டவர் என்ன, நாற்காலி போட்டாத்தான் கேப்பாரா?”

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு புதன்கிழமை எல்ஃபிக் பொறுமை இழந்து மணியைப் பிடுங்கிவிட்டார்.

“தெருவுல தொந்தரவும்மா இது. மேலிடத்து உத்தரவு.”

“தொந்தரவு யாருக்கு ராசா? ரொட்டி வாங்கறவங்களுக்கா, உங்களுக்கா?”

“உங்க வயசுக்கு இது அழகா?”

“ஏன், வயசு கொறைச்சலா இருந்தா டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பீங்களோ?”

மணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு விறைப்பாக நடந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் பை கிணுகிணுத்தது. கொஞ்ச தூரம் போய் நின்று, மணிநாக்கில் கைக்குட்டையைச் சுற்றினார். அதற்குப் பிறகு ஊர் அமைதியாயிற்று.

அந்த அமைதியில்தான் ஆபத்து இருந்தது. மணி கேட்காவிட்டால் போலீஸ் இல்லை என்பது அந்தச் சந்துகளின் கணக்கு.

அன்று சாயங்காலம், மாலுமிகளுக்குச் சட்டை தைக்கும் ஹெப்ஸியின் மாடி ஜன்னல் திறந்தது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆபெல், கப்பலில் கரி தள்ளுபவன். கப்பல் அன்றுதான் மால்டாவிலிருந்து வந்திருந்தது. எல்ஃபிக் ஏற்கெனவே அவளை ஏற இறங்கப் பார்த்து வைத்திருக்கிறார். மாலுமியின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்தால், அப்புறம் அவள் ‘அந்த மாதிரி’தான். தையல் வேலை போகும். ஆபெலின் தாயார் வாசற்படி ஏறவிடமாட்டாள்.

ஹெப்ஸி காதைத் தீட்டிக் கேட்டாள். மணி இல்லை. நீல ரிப்பன் கட்டிய தொப்பியோடு இறங்கி, கப்பல்துறை வாயிலை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினாள்.

சந்து முனையில் திர்ஸாவுக்கு மூட்டத்துக்குள் ரிப்பன் மட்டும் தெரிந்தது. கத்த முடியாது. கத்தினால் ஹெப்ஸி வெருண்டு ஓடுவாள். வெருண்டு ஓடுகிறவளைத்தான் எல்ஃபிக் துரத்துவார். அவர் விளக்குக் கம்பத்தடியில் அவள் திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திர்ஸா பலகையை மதில்மேல் இறக்கி வைத்தாள். மாவுக் கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு போய், எல்ஃபிக்கின் முழங்கைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள்.

“வாங்க ராசா, குளுருது. சும்மா ஒரு நடை போயிட்டு வருவம்.”

“கையை எடும்மா!”

“ஐயய்யே, வெக்கத்தைப் பாரு! நேத்தெல்லாம் என்னை உட்டு ஒரு எட்டு தனியா போனீங்களா?” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

நண்டு விற்கிறவள் சிரித்தாள். “அடி திர்ஸா! எப்போலேர்ந்து இந்தக் கூத்து? மாப்பிள்ளைக்கு லண்டனாம்ல?”

உதறினால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் பழுப்புக் கோட்டின் பிழைப்பு அதோடு சரி. எல்ஃபிக் அசையாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து எதிரிலிருந்த சபையில் ஜெபக்கூட்டம் முடிந்து கதவு திறந்தது. மிஸஸ் வாஸ்பர் குடையோடு படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சபையே நின்றது. கப்பல்துறை வாயில் பக்கமிருந்து, எதையும் பார்க்காத கண்களோடு, ஹெப்ஸியும் ஆபெலும் கைகோத்து வந்தார்கள். எல்ஃபிக் மறுகையை உயர்த்தி, “ஏ பொண்ணே” என்று வாயெடுத்தார்.

திர்ஸா படியில் நின்ற சபையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, சபைப் பெண்கள் தெருவில் கழற்றவே கூடாத தொப்பியின் முடிச்சை அவிழ்த்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நரைத்த தலையை மெல்ல அவர் தோளில் சாய்த்தாள். அவர் உயர்த்திய கை தானாகக் கீழே இறங்கியது. திர்ஸா கண்ணை மூடிக்கொண்டாள்.