மேசைக்கு அடியில் இருந்த கைகள்

வகுப்பு முழுவதும் கேட்க ஒரு மாணவியைச் சோம்பேறி என்றேன். அதுவும், யாரையும் அப்படிச் சொல்லக்கூடாது என்று நானே பாடம் நடத்திய வாரத்தில்.

சிதம்பரத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் பொதுப் பொருண்மையியல் நடத்தினேன். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. கண்ணால் பார்த்தது வேறு, நாமாக நினைத்துக்கொள்வது வேறு. குழு வேலையில் பாதிச் சண்டை இரண்டையும் கலப்பதால் வருகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரயிலில் போகும்போதே இதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அன்று அந்த மாணவியின் குழு மாதிரிப் பாடத்துக்குச் சார்ட் எழுதிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"இந்தச் சோம்பேறிய வச்சுக்கிட்டு எப்படிம்மா பாஸ் பண்ணுவீங்க?" என்றேன். சிரித்தார்கள். பிறகு குழுவில் அதுவே அவள் பெயரானது. பாடத்தில் அவள் பேச வேண்டிய பங்கையும் பிடுங்கிக்கொண்டார்கள். மதிப்பெண்ணே அதற்குத்தான்.

சில நாள் கழித்து அவள் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். விரல்களில் தோல் கருத்து உரிந்திருந்தது. முந்திரி விளையும் காடாம்புலியூர்ப் பெண்.

"வீட்ல முந்திரி உடைக்கிறோம் சார். ஓட்டு எண்ணெய் பட்டா இப்படித்தான் ஆவும்" என்றாள். உடனே கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன், ஏன் மறைக்கிறாள் என்று யோசிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நான் பார்த்தது இது, சொன்னது இது என்று கரும்பலகையில் எழுதி, முந்திரிக் கதையையும் சொன்னேன். நல்ல பாடம் நடத்திய திருப்தி எனக்கு. அவள் தலை நிமிரவில்லை.

அதன்பின் குழு அவளை எதையும் தொட விடவில்லை. "நீ உக்காருடி, பாவம், கை எரியும்."

அவள் என் அறைக்கு வந்தாள். "சோம்பேறின்னப்ப சண்டையாவது போட முடிஞ்சுது சார். இப்ப பாவம்ங்கறாங்க. என்னான்னு சண்ட போடுறது?"

"நான் என்ன செய்யணும்மா?"

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நானே கேட்டுக்கறேன்."

கேட்டாள். வராந்தா வரை கேட்டது: "எழுதத்தான்டி கை வேணும். பேச வாய் இருக்குல்ல? எம் பங்கக் குடுங்க!"

பாதியைத்தான் திருப்பித் தந்தார்கள். அந்தப் பாதியை நன்றாகவே நடத்தினாள்.

கடைசி நாளில் மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவருடனும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் நானாக நினைத்துக்கொள்வதுதான்.