நான்காவது எலும்பு

ஆவடித் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஒருவர் செய்த உருப்படியை அவரே அளக்கக் கூடாது, நான் அளப்பேன். என் அளவிலும் சந்தேகம் வந்தால் இன்னொருவர் அளப்பார். இந்தப் புத்தி குவார்ட்டர்ஸ் வரை கூடவே வந்துவிட்டது. கறிகாய்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தராசைத் துடைப்பார்.

பதினாலு வயது மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்தி எலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்க வேண்டும் என்றார் டாக்டர். எதுவரை ஒட்டுவது என்பதுதான் கேள்வி. இடுப்பின் மூன்றாவது எலும்போடு நிறுத்தினால் அதற்குக் கீழே அசைய மூன்று இணைப்புகள் மிஞ்சும். நான்காவது வரை போனால் இரண்டுதான். அவள் பள்ளியில் பூப்பந்து ஆடுகிறவள். கீழே வரும் பந்துக்கு வளைய அந்த ஓர் இணைப்பு வேண்டாமா?

நான்காவது வரை போக வேண்டும் என்றார் டாக்டர். படுத்தபடி பக்கவாட்டில் வளையச் சொல்லி எடுத்த எக்ஸ்ரேயில் கீழ்ப்பகுதி நிமிரவில்லையாம். நிமிர்ந்திருந்தால் மூன்றோடு நிறுத்தியிருக்கலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடுதல் திருகாணி யாருடைய லாபத்துக்கு? அவர் எழுதிய சீட்டை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் அம்பத்தூரில் வேறொரு டாக்டரிடம் காட்டினேன். அவரும் நான்கு என்றார். "ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்றேன் மனைவியிடம்.

அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட மனைவி, மகளோடு போன அன்று, முதலில் பார்த்த டாக்டரை நான் துருவித் துருவிக் கேட்டேன். அவர் பொறுமையாகப் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு மகளிடம் கேட்டார், படம் எடுத்த அன்றைக்கு முடிந்த மட்டும் வளைந்தாளா என்று.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ஆஸ்பத்திரி கவுன் மேல ஏறிக்கிட்டே இருந்துச்சும்மா. அப்பா நின்னு பாத்துட்டே இருந்தாரு. ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் வளைஞ்சேன்."

உண்மைதான். படம் எடுக்கிற ஆள் மேல் நம்பிக்கையில்லாமல், "வெளியே குந்துங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லியும் கேட்காமல், ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்றது நான்தான். படத்தை இரண்டு பேரிடம் சரிபார்த்தவன், படம் எடுத்த விதத்தைச் சரிபார்க்கவில்லை. உருப்படியைக் கோணலாக மாட்டிவிட்டு அளவுகோலைத் திட்டுகிற ஆட்கள் எத்தனை பேரை ஏசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஒரு பெண் ஊழியர் எடுத்தார், மனைவி உள்ளே போனாள். கீழ்ப்பகுதி நன்றாகவே நிமிர்ந்திருந்தது. மூன்றாவதோடு நிறுத்தலாம் என்றார் டாக்டர். பின்னால் கீழே வளைவு கூடினால் இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் தொல்லை தாங்காமல் குறைக்கிறாரோ? விளையாட்டு ஆசையில் இவள் வலியைப் பொறுத்துக்கொண்டு வளைந்திருப்பாளோ? வராந்தாவில் அவளைத் தனியே நிறுத்தி, நிஜமாகவே வலிக்காமல் வளைந்தாளா என்று கேட்டேன்.

"என்னையுமாப்பா?" என்றாள்.

உள்ளே போய், மூன்று என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.