பாதித் தலை

பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் எதிராளியின் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்து, முகத்தை லேசாகத் திருப்பிப் பார்ப்பார். "காதுக்கு மேல ஒரு பக்கம் தூக்கியிருக்கே, யாருகிட்ட வெட்டின?" கடையில்தான் என்றில்லை, பஸ்ஸிலும் இதே கதைதான். என் அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். முகம் மறந்தாலும் பிடரி மறக்காது அவருக்கு.

நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற மனிதருக்குக் குடலிறக்கம் வந்தது. முழு மயக்கம் கொடுத்துத்தான் ஆபரேஷன் என்றார்கள். பரிசோதித்ததில் இதயத் துடிப்பும் சீராக இல்லை என்று தெரிந்தது.

"நாலு தடவை துடிக்குது, ஒண்ண முழுங்குது, அப்புறம் ரெண்டு சேர்ந்து வருது. நம்ம கடைக்கு ஆள் வர்ற மாதிரியே!" என்று வந்தவர்களிடமெல்லாம் மணிக்கட்டை நீட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மயக்கத்துல அது நின்னுபோச்சுன்னா?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

மயக்க டாக்டர் பொறுமையான பெண்மணி. மாத்திரையில் துடிப்பை ஓரளவு அடக்கியிருப்பதாகவும், கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பதாகவும் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "டாக்டரம்மா, முன்னாடி கொஞ்சம் குறைச்சா முகம் எடுப்பா இருக்கும்" என்றார். அவரும் சிரித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கடை நாற்காலியில் உட்காரவைத்தார். வலப்பக்கம் வெட்டி முடித்தார். துணியை உதறினார். கத்தரியைத் துடைத்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"மாமா, இந்தப் பக்கம்?"

"வந்து வெட்டுறேன், மாப்ள."

ஆயுசில் ஒரு தலையைக்கூடப் பாதியில் எழுப்பி அனுப்பாதவர். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் சாவி சட்டைப்பைக்குள் போகாமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. 

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "என்னடா கோலம் இது?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள், உடனே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற யாருகிட்டயாவது போய் வெட்டிக்கிட்டேன்னா கொன்னுடுவேன்" என்றாள்.

மத்தியானம் மயக்க டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "நடுவுல கொஞ்சம் தாறுமாறா ஓடுச்சு, சரி பண்ணிட்டோம். நல்லா இருக்கார்."

மாமாவின் நெஞ்செல்லாம் ஒயர்கள். திரையில் கோடு கோணல்மாணலாக, ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பேச நாக்கு எழவில்லை. நான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே குனிந்தேன்.

ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, என் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்தார். என் முகத்தைத் திருப்பி, வெட்டாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.