முப்பது மில்லிமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு சர்வே ஆபீசில் வேலை பார்த்தேன். ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் கருவி அப்போது எங்களுக்குப் புதிது. அதை இயக்கத் தெரிந்த தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. டேப் பிடிப்பவர்களைக் கண்டால் இளக்காரம்.

மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய கட்டடத்தின் தெருப்பக்கச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அது நகர்கிறதா என்று மாதாமாதம் அளப்பது என் பொறுப்பு. எதிரே கருவியை நிறுத்துவேன். சுவரில் மேலே, நடுவே, கீழே என்று அடித்திருந்த மூன்று ஆணிகளில் சக ஊழியர் பிரிசம் என்ற கண்ணாடியை வைப்பார். ஒளி அதில் பட்டுத் திரும்பும். மூன்றாவது மாதம் மூன்று இடமும் முப்பது மில்லிமீட்டர் தெருப்பக்கம் வந்திருந்தன.

அன்றே ரிப்போர்ட் கொடுத்தேன். மறுநாளே வீட்டுக்காரர், கீழே இரண்டு குழந்தைகளோடு குடியிருந்த தையற்காரம்மாவை வாரக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லிவிட்டார்.

அதற்குள் விழுந்துவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்போர்ட் நகலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்கிற சுவர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் அல்லவா நகரும்? மூன்று இடத்திலும் அச்சடித்தாற்போல் முப்பது எப்படி? அப்போதுதான் உறைத்தது. அந்த மாதம் எங்கள் பிரிசம் உடைந்துபோய், வேறு கம்பெனி பிரிசத்தை இரவல் வாங்கிப் போயிருந்தோம். ஒவ்வொரு பிரிசத்துக்கும், அளந்த தூரத்தில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய ஒரு திருத்த எண் உண்டு. நான் கருவியில் பழைய எண்ணை மாற்றவே இல்லை. வித்தியாசம் சரியாக முப்பது.

ஓடிப்போய் மறுபடி அளந்தேன். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தையற்காரம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாகே சார், ஏன் இப்படி? முந்தாநேத்து நகந்துச்சுன்னீங்க. இன்னிக்கு இல்லேங்கறீங்க. எதை நம்பறது?"

"தப்பு என்னோடதும்மா. கருவியிலே ஒரு நம்பரை மாத்த மறந்துட்டேன். சுவரு நகரலே."

"அப்ப இங்க ஒக்காருங்க."

அந்தத் தெருப்பக்கச் சுவரோரம் குழந்தைகள் படுக்கும் இடத்தைக் காட்டினார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். என் அளவு இந்த முறை சரி. நாலு தடவை சரிபார்த்திருந்தேன். வெளியே ஒரு லாரி போனது. என் முதுகு தானாகவே சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டது.

அதை அவர் பார்த்தார். அடுத்த மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார்.